தேசப்பனுக்கு விழுந்த சீட்டு

ஐப்பசி 4, திங்கள்

மூட்டம். மழை வருவேன் வருவேன் என்று ஏமாற்றுகிறது. வாடைக் காற்று.

முதலில் வெட்கக்கேட்டை எழுதிவிடுகிறேன். கூட்டாளி தேசப்பன் (இனி தே.) தகடு வாங்கப் பொன்னேரிக்குப் போயிருந்தான். எங்கள் வெல்டிங் கொட்டகையில் நான் தனி. காரின் அடிச்சட்டம் மட்டும் கல்லின் மேல், மேலே உடம்பு கிடையாது. பெயிண்ட் டின்னைக் கவிழ்த்துப் போட்டு நடுவில் உட்கார்ந்தேன். கழற்றிவைத்த ஸ்டியரிங்கைப் பிடித்தேன். கியர் போட்டேன், வாயால்தான். வளைவில் ஹாரன்கூட அடித்தேன். நிமிர்ந்தால் எதிர்வீட்டு மேரி, மீன் கூடையோடு.

"இன்னா அண்ணாத்தே, பொன்னேரி வந்துடுச்சா? நான் எறங்கணும்."

ஊருக்கு, தோணிரேவு முழுக்க, இதற்குள் தெரிந்திருக்கும். தெரியட்டும். நான் எத்தனை பேரைக் கலாய்த்திருக்கிறேன்.

கார் சென்னை சாருடையது. பழைய கார்களை வாங்கிப் புதுசாக்குகிற ஷெட் வைத்திருக்கிறார். ஏரிக்குப் பறவை பார்க்க வந்தவர், படகு மோட்டாருக்கு நாங்கள் செய்த தாங்கியைப் பார்த்துவிட்டு, கார்ச்சட்டம் செய்வீர்களா என்றார். தேசப்பன் தலையைச் சொறிந்தான். நான், கப்பலே செய்வோம் சார் என்றேன்.

ஐப்பசி 5, செவ்வாய்

வெயில். புழுக்கம்.

இடது பக்கச் சட்டம் முழுக்கத் துரு அரிப்பு. சுத்தியலால் தட்டினால் அப்பளம். பெட்டி மாதிரி மடித்துப் புதுசாகத்தான் செய்ய வேண்டும். தே. அட்டையில் மாதிரி வெட்டி, தகட்டில் வரைந்து, வெட்டி, வளைத்தான். அவன் வளைத்தால் கோழி முட்டைகூட அதில் ஆடாமல் நிற்கும். பொருத்துவது அவன், பற்றவைப்பது நான். இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆவதற்கு முன்னாலிருந்தே இப்படித்தான்.

ஒரே பக்கமாக இழுத்துப் பற்றவைத்தால் சட்டம் முறுக்கிக்கொள்ளும். இங்கே ஒரு பொட்டு, அங்கே ஒரு பொட்டு. ஒவ்வொரு பொட்டுக்கும் தே. மூலைக்கு மூலை கயிறு பிடித்துப் பார்க்கிறான்.

"மச்சான், உன் பக்கம் இழுக்குது."

"அழகா கீறவன் பக்கந்தான்டா இழுக்கும்."

உப்புக் காற்று. காலையில் தேய்த்த தகடு சாயந்திரம் சிவந்துவிட்டது. பழைய ஆயில் பூசி மூடினோம்.

வாங்க வேண்டியது: கிரைண்டர் கல், ராடு ஒரு பாக்கெட், வள்ளிக்கு முட்டிவலி மாத்திரை. (மாத்திரை மறந்தேன். பெண்டாட்டியிடம் திட்டு.)

ஐப்பசி 7, வியாழன்

தூறல். கரண்ட் போய்ப் போய் வந்தது.

சார் வந்தார். வெல்டை விரலால் தடவினார். அவரே டேப் பிடித்து மூலைக்கு மூலை அளந்தார். சரியாக இருந்தது. சந்தோஷம் ஒரு டீ குடிக்கும் நேரம்.

"ரெண்டு பேர்ல ஒருத்தர் என் ஷெட்டுக்கே வந்துடுங்க. மாசச் சம்பளம், தங்க ரூம். ஒரு ஆளுக்குத்தான் இடம் இருக்கு. ஞாயித்துக்கெழம சட்டத்த ஏத்த லாரி வரும், அதுலயே வந்துடலாம்."

போய்விட்டார். தே. டீ கிளாஸைக் கழுவிக்கொண்டே சொன்னான்:

"நீ போ."

"நீ போடா. உன் மூஞ்சிதான் மெட்ராஸ் மூஞ்சி."

கடைசியில் தே. சொன்னான்: "சீட்டு போட்டுக்கலாம் மச்சான். பாடு மாதிரி. பேர் வந்தவன் போவட்டும்."

ஏரியில் எவன் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று ஊர் சீட்டுப் போட்டுத்தான் பிரிக்கும். அதுதான் பாடு. விழுந்தது விழுந்ததுதான். கூடப்பிறந்தவனாக இருந்தாலும் முனகக் கூடாது. சீட்டில் விளையாடியவனை ஊர் ஏரியில் இறங்க விடாது.

சரி என்றேன். வேறென்ன சொல்ல.

இறால் தொக்கு. பாதியை மூடிவைத்தேன்.

ஐப்பசி 8, வெள்ளி

மழை விட்டது. சேறு.

சீட்டு எழுதியது நான். தே. கையெல்லாம் ஆயில். இரண்டு சீட்டிலும் தேசப்பன் என்றே எழுதினேன். விளையாட்டுக்கு. பிரிப்பான், முகம் கறுக்கும், 'உன்ன உட்டுட்டு எங்கடா போவேன்'னு கத்துவான். உடனே மற்ற சீட்டையும் பிரித்துக் காட்டி, வயிறு வலிக்கச் சிரித்து, யாரும் வரவில்லை என்று சாருக்குப் போன் போடலாம். இதுதான் என் கணக்கு.

வெளியாள்தான் எடுக்க வேண்டும், அது முறை. மேரியைக் கூப்பிட்டோம். அவளுக்கு எழுத்துத் தெரியாது. டின்னைக் குலுக்கி ஒன்றை எடுத்தாள். தே. பிரித்தான்.

முகம் கறுக்கவில்லை.

சீட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். "எனுக்கு வுழுந்துச்சி மச்சான்." சிரிப்பை அடக்கப் பார்த்தான். காதுவரை போய்விட்டது. இத்தனை வருஷத்தில் அந்தச் சிரிப்பை நான் பார்த்ததில்லை.

"உனுக்கு வருத்தம் ஒன்னியும் இல்லியே?"

"இன்னாடா வருத்தம்? உன் 'இழுக்குது, இழுக்குது' கேக்காம வேல பாப்பேன்."

வீட்டுக்கு ஓடினான். செருப்பைக்கூட விட்டுவிட்டு.

டின்னில் கிடந்த மற்ற சீட்டை வெற்றிலையில் மடித்து வாயில் போட்டேன். மேரி பார்த்தாள்.

"அதுல யார் பேரு அண்ணாத்தே?"

"என் பேருதான்" என்றேன். சுண்ணாம்பு அதிகம். நாக்கு வெந்துவிட்டது.

ஐப்பசி 9, சனி

வெயில்.

குழாயடியில் காதில் விழுந்தது:

"தேசப்பன் பொண்டாட்டிக்கு யோகம்டீ."

"இவன் இன்னா பண்ணுவான் ஒண்டியா?"

"இவனா? வாய வச்சே பொழச்சிக்குவான்."

வள்ளி சோறு போடும்போது கேட்டாள்: "ஒரு தபா கூட உனுக்கு வுழாதாய்யா?" கோபமாகக் கேட்டிருந்தால் பரவாயில்லை. மெதுவாகக் கேட்டாள்.

வாய்வரை வந்தது. சொல்லவில்லை. சொன்னால் முதலில் துடைப்பம், அது போகட்டும். அப்புறம் ஊருக்குத் தெரியும். தே. கையில் இருப்பது பொய்ச்சீட்டு என்று ஆகும். அவன் பெண்டாட்டி செல்வி அதைச் சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வைத்திருக்கிறாளாம்.

என் பெயரையும் எழுதியிருந்தால் பாதிக்குப் பாதி. எனக்கும் போக ஆசை இருந்ததா? இருந்திருக்கிறது. பேனா பிடித்தபோது தெரியவில்லை.

அவனும்தான். 'போவல மச்சான்' என்று ஒரு வார்த்தை. பொய்க்காவது சொல்லியிருக்கலாம். நாய்.

பகல் முழுக்கச் சட்டத்துக்குப் பிரைமர் அடித்தோம். நான் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். அவன் பாடினான். வழக்கமாகப் பாடுவது நான்.

ஐப்பசி 10, ஞாயிறு

காற்று பலம். படகு எதுவும் போகவில்லை, அதனால் வேடிக்கை பார்க்கக் கூட்டம்.

ஆறு பேர் பிடித்து லாரியில் ஏற்றினோம். வலது பக்கத்தில் காரின் உடம்பைத் தாங்கும் இரும்புக் கை ஒன்று மட்டும் பாக்கி. பின்னால் செய்து அனுப்பச் சொன்னார் சார். தகடு வளைத்துத் தயாராக வைத்துவிட்டுப் போகிறான் தே. மாதிரி அட்டையையும் ஆணியில் மாட்டியிருக்கிறான். கேட்காமலே.

புதுச் சட்டை. மடிப்புக்கூடப் பிரியவில்லை.

"மெட்ராஸ்ல ஐஸ் மீன வாங்கித் துன்னுவடா. செத்து ஒரு மாசம் ஆயிருக்கும். அப்போ நெனச்சிக்குவ என்ன."

"நீ ஒருநாள் வா மச்சான். ரூமு கீது."

"வந்தா உன் கட்டில்ல நான், கீழ நீ."

எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் அதிகம் சிரித்தேன். லாரி கோயில் திருப்பத்தில் திரும்பும்வரை கை ஆட்டினான். நான் ஆட்டவில்லை. மூக்கைச் சிந்தினேன்.

வள்ளிக்கு மாத்திரை வாங்கினேன்.

ஐப்பசி 12, செவ்வாய்

லேசான வெயில். கரண்ட் இருந்தது.

சட்டத்துக்குப் பாக்கியிருந்த வலது பக்கக் கையைப் பற்றவைத்தேன். பிடிக்க ஆள் இல்லை. ஒரு முனையைக் கல்லால் முட்டுக் கொடுத்து, மறு முனையை இடது காலால் மிதித்துக்கொண்டேன். முகமூடி போட்டால் நெருப்பைத் தவிர வேறெதுவும் தெரியாது. பொறி லுங்கியில் விழுந்திருக்கிறது. முட்டிவரை எரிந்தபிறகுதான் தெரிந்தது. பக்கத்தில் இருந்த வாளியில் காலை விட்டேன். அது வள்ளி சாயந்திரக் குழம்புக்கு வைத்திருந்த நண்டு வாளி. ஒன்று பெருவிரலைப் பிடித்துக்கொண்டது. மேரி வந்து எடுத்துவிட்டாள். வெல்டு சரியாகத்தான் விழுந்திருக்கிறது.