வராத ஹார்ட் டிஸ்க்குக்காக ஒன்றரை நிமிடம்

டீச்சர்,

கம்ப்யூட்டர் மேசைக்குப் பின்னால் அந்தக் கறுப்புக் கேபிள் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கிறது. ஒரு முனை பெட்டியின் முதுகில் செருகியபடியே இருக்கிறது. மறுமுனையில் ஒன்றும் இல்லை. இன்று காலை பெருக்கும்போது துடைப்பத்தில் மாட்டிக்கொண்டது. பிடுங்கிச் சுருட்டி வைத்துவிடலாம் என்று குனிந்தேன். கை வரவில்லை. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

கீழ்பென்னாத்தூர் பள்ளியில் நீங்கள் கணக்கு, நான் சமூக அறிவியல். இருபது வருடம் ஒரே பஸ்ஸில் போய் வந்தோம். ஓய்வு பெற்ற பிறகும் வேங்கிக்காலில் இரண்டு தெரு இடைவெளியில்தான் இருந்தோம். பள்ளிக்கு வந்திறங்கிய கம்ப்யூட்டர்களை யாரும் தொடாமல் துணி போர்த்தி வைத்திருந்தபோது, துணியை விலக்கிப் பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான். அதில் இருந்தது பழகிய விண்டோஸ் இல்லை, லினக்ஸ் என்று எல்லோரும் ஒதுங்கினார்கள். "வெண்டைக்காய் வழவழனு இருக்குதுனு சமைக்காம விட்டுடுவோமா?" என்று கேட்டீர்கள். கணக்கு டீச்சர் சமையலில் உதாரணம் சொல்கிறாரே என்று நான் சிரித்தேன்.

செல்வியை நமக்குக் காட்டியது ஒரு பௌர்ணமி கிரிவலம்தான். அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதை ஓரம் கற்பூரம், தண்ணீர் பாட்டில் விற்றுக்கொண்டிருந்தாள். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். கண் பார்வை சுத்தமாக இல்லை. ஒரு காதில் செருகிய போனில் ஏதோ பாடம் ஓடிக்கொண்டிருந்தது. அரசு வேலைத் தேர்வுக்குப் படிக்கிறேன் என்றாள். "ஆனா ரொம்ப ஸ்பீடா படிக்கறாங்கம்மா. நான் ஒண்ணை மனசுல வாங்கறதுக்குள்ள மூணு தாண்டிப் போயிடுது."

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். "இவங்க மெதுவா படிப்பாங்க. பஸ்ஸு ஏறும்போதே பத்து நிமிஷம் யோசிப்பாங்க" என்று அவளிடம் சொன்னீர்கள். அவள் சிரித்ததில் நம் வேலை ஆரம்பமானது.

பாடத்தை நான் வாசித்துப் பதிய வேண்டும். ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் ஐந்து கேள்விகள் உங்கள் குரலில் வரும். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் ஓர் இடைவெளி. அது எவ்வளவு நேரம் இருக்க வேண்டும் என்பதில் நீங்கள் கறாராக இருந்தீர்கள். "மனசுக்குள்ள பத்து எண்ணணும். அவசரப்பட்டு நாமளே பதிலைச் சொல்லிட்டா, அவ யோசிக்கறதுக்கு எங்க இடம்?"

என் வீட்டில் கிடந்த பழைய கம்ப்யூட்டரில் நீங்கள் லினக்ஸ் போட்ட இரண்டு நாள் நினைவிருக்கிறது. எல்லாம் சரியாக வந்தது. மைக் மட்டும் வேலை செய்யவில்லை. கறுப்புத் திரையில் ஏதோ ஒரு வார்த்தை அடித்தீர்கள். வரிசையாக ஒரு பட்டியல் ஓடியது.

"என்ன இது?"

"வருகைப் பதிவு எடுக்கறேன். பெட்டிக்குள்ள யார் யாரு வந்திருக்காங்கனு பேரு கூப்பிட்டா அதது சொல்லும்."

"மைக்கு?"

"வந்திருக்கு டீச்சர். கடைசி பெஞ்சுல உக்காந்துக்கிட்டு வாயைத் திறக்க மாட்டேங்குது." இன்னொரு திரையைத் திறந்தீர்கள். மைக்கின் ஒலி அளவு பூஜ்ஜியத்தில் இருந்தது. அம்புக்குறியை அழுத்தி ஏற்றிவிட்டு, "அவ்ளோதான். நாம ரெண்டு நாளா அது ஆப்சென்ட்டுனு திட்டிக்கிட்டிருந்தோம்" என்றீர்கள்.

கேள்விகளை உங்கள் வீட்டில் போனில் பதிவீர்கள். போனில் இடம் கம்மி என்பதால், என் வீட்டுக்கு வந்ததும் ஒரு சின்ன ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு போனில் இருப்பதை அழித்துவிடுவீர்கள். அந்த டிஸ்க் என் கம்ப்யூட்டரில்தான் எப்போதும் மாட்டியிருக்கும். அதற்கு 'கேள்வி' என்று ஆங்கில எழுத்தில் பெயரும் வைத்தீர்கள். கம்ப்யூட்டர் எழும்போதே அதையும் தேடித் திறந்துகொள்ளும்படி எங்கோ ஒரு வரி எழுதி வைத்தீர்கள். இவையெல்லாம் நீங்கள் சொன்னவைதான். நான் தலையாட்டினேன், காதில் வாங்கவில்லை.

கார்த்திகை தீபத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு நாற்பது பக்க நோட்டுடன் வந்தீர்கள். "கம்ப்யூட்டர் எழுந்திரிக்கலன்னா என்ன பண்ணணும்னு எழுதியிருக்கேன். பத்து நிமிஷம் உக்காருங்க, ஒரு தடவை செஞ்சு பாத்துடலாம்."

"நீங்க இருக்கறப்ப எனக்கு எதுக்கு டீச்சர் இது?"

"பரீட்சைக்கு முந்தின நாள் பசங்க இப்படிச் சொன்னா விட்டுடுவீங்களா?"

"தீபம் முடியட்டும். ஊர்ல இப்பவே கூட்டம், வீட்டுக்கு ஆளுங்க வேற வர்றாங்க" என்றேன். நீங்கள் வற்புறுத்தவில்லை. நோட்டை மேசை மேல் வைத்துவிட்டுக் காபி குடித்துப் போனீர்கள். நான் அதை பீரோவில் ரேஷன் கார்டு பக்கத்தில் பத்திரமாக வைத்தேன். பத்திரமாக வைத்தால் படித்த மாதிரி என்று நினைக்கும் பிள்ளைகளை முப்பது வருடம் கண்டித்திருக்கிறேன் டீச்சர்.

நான்கு நாள் காய்ச்சல் என்றார்கள். வேலூருக்கு அழைத்துப் போனார்கள் என்றார்கள். தீபத்தன்று ஊரே மலையைப் பார்த்துக் கைகூப்பி நின்றபோது, உங்கள் வீட்டு வாசலில் ஷாமியானா போட்டிருந்தார்கள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வரும்போது உங்கள் பொருட்களை ஒரு பையில் போட்டு எடுத்து வந்தேன். போனவர்கள் பொருள் அடுத்தவர் வீட்டில் தங்கக் கூடாது, அந்த வீட்டாரிடமே சேர்த்துவிட வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். உங்கள் டிபன் பாக்ஸ், மடக்குக் குடை, படிக்கும் கண்ணாடி. ஹார்ட் டிஸ்க்கையும் கேபிளிலிருந்து கழற்றி, பழைய கைக்குட்டையில் சுற்றிப் பையில் வைத்தேன். உங்கள் மகனிடம் கொடுத்தபோது, ஒரு கடமையை முடித்த நிம்மதிகூட எனக்கு இருந்தது.

அதன் பிறகு ஒரு மாதம் கம்ப்யூட்டர் பக்கம் போகவில்லை. தூசி படியாமல் துணி போர்த்தினேன். நீங்கள் விலக்கிய அதே மாதிரித் துணி.

தை மாதத்தில் செல்வி போன் செய்தாள். முதலில் உங்களைப் பற்றிக் கொஞ்சம் அழுதாள். பிறகு தயங்கித் தயங்கி, "கேக்கறதுக்கே சங்கடமா இருக்குது டீச்சர். பரீட்சைக்கு ஆறு வாரம்தான் இருக்குது. அரசியலமைப்புல கடைசி ஏழு பாடம் வரவேயில்லையே" என்றாள். அந்த ஏழையும் நான் வாசித்திருந்தேன். நீங்களும் கேள்விகளைப் பதிந்து முடித்திருந்தீர்கள்; அவையும் என் பெட்டிக்குள்தான் இருக்கின்றன என்று நினைத்தேன். இரண்டையும் ஒன்றாகச் சேர்ப்பது ஒன்றுதான் பாக்கி.

துணியை எடுத்தேன். பொத்தானை அழுத்தினேன். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்துகள். ஒரு வரியில் விநாடிகள் ஏறிக்கொண்டே போயின. ஒன்றரை நிமிடம் ஆனதும் நின்றது. அவசர நிலை என்று ஆங்கிலத்தில் ஒரு செய்தி. அதற்கு மேல் எதுவும் நகரவில்லை. அணைத்துப் போட்டேன். மறுபடியும் அதே ஒன்றரை நிமிடம், அதே செய்தி.

ஷேர் ஆட்டோவில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். கடைக்காரர் இரண்டு நிமிடம் பார்த்தார்.

"லினக்ஸாம்மா? இதுல யாரும் கை வைக்க மாட்டாங்க. பெட்டிக்குள்ள இருக்கற ஹார்ட் டிஸ்க் போயிட்டிருக்கும். ஃபார்மட் பண்ணி விண்டோஸ் போட்டுத் தரேன், சாயங்காலம் வந்து வாங்கிக்கோங்க."

"உள்ள இருக்கறது?"

"அது போயிடும்மா. புதுசா, சுத்தமா ஆயிடும்."

சுத்தமாகிவிடும் என்ற வார்த்தை என்னை என்னவோ செய்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் பீரோவைத் திறந்து, அந்த நோட்டை எடுத்தேன்.

முதல் பக்கத்தில் உங்கள் குண்டு எழுத்து. 'கறுப்புத் திரை வந்தால்: பயப்படாதீங்க. அது கெட்டுப்போகல, ஏதோ சொல்லுது. முழுசாப் படிங்க. மறுபடி படிங்க. வினாத்தாளை ரெண்டு தடவை படிக்கச் சொல்வீங்கல்ல, அதே மாதிரி.'

நான் அதுவரை ஒரு தடவைகூட முழுதாகப் படிக்கவில்லை. பார்த்தேன், பயந்தேன், அணைத்தேன். இப்போது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்கு முன்னால் உட்கார்ந்தேன். விநாடிகள் ஏறிய அந்த வரியில், எதற்காகவோ காத்திருப்பதாக ஆங்கிலத்தில் இருந்தது. எதற்காக என்று மூன்றாவது தடவைதான் கண்ணில் பட்டது. நீளமான ஒரு பெயரின் நடுவில், ஆங்கில எழுத்தில், 'கேள்வி'.

மேசைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். கேபிள் தொங்கிக்கொண்டிருந்தது.

கம்ப்யூட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை டீச்சர். நீங்கள் எழுதி வைத்த வரியின்படி அது உங்கள் டிஸ்க்கைக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறது. ஒன்றரை நிமிடம் காத்திருக்கிறது. வரவில்லை என்றதும், அதை விட்டுவிட்டு மேலே போகத் தெரியாமல் நின்றுவிட்டது.

அன்று மாலையே உங்கள் வீட்டுக்குப் போனேன். உங்கள் மகன் பெங்களூரிலிருந்து வந்திருந்தான். டிஸ்க்கைக் கேட்டேன். அவன் முகம் மாறியது.

"ஆன்ட்டி, அது காலியான டிஸ்க்தானே? என் லேப்டாப்ல மாட்டினேன், ஃபார்மட் பண்ணாத்தான் திறக்கும்னு சொல்லிச்சு. சொந்தக்காரங்க கிட்ட இருந்த அம்மா போட்டோ எல்லாம் வாங்கி அதுல போட்டு வெச்சிருக்கேன்."

லினக்ஸில் தயாரான டிஸ்க்கை அவனுடைய லேப்டாப்புக்குப் படிக்கத் தெரியவில்லை. படிக்கத் தெரியாததைக் காலி என்று சொல்லிவிட்டது. அவன் நம்பிவிட்டான். அழிந்ததை மீட்கும் மென்பொருள் ஒன்றைப் போட்டு இரண்டு நாள் முயன்றான். ஒன்றும் வரவில்லை. உங்கள் குரல் இருந்த இடத்தில் உங்கள் முகங்களை நிரப்பியிருந்தான். "தெரியாம பண்ணிட்டேன் ஆன்ட்டி" என்று அழுதவனிடம், "அதைக் கழற்றிக் கொண்டுவந்து கொடுத்தது நான்தானப்பா" என்றேன். அதைத் தவிர வேறு என்ன உண்மை இருக்கிறது?

பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். அந்தப் பத்து நிமிடத்தை எதில் கொண்டு போய்ப் போட்டேன் என்று இப்போதும் யோசித்துப் பார்க்கிறேன். முறுக்குக்கு மாவு பிசைந்தேன் என்று நினைக்கிறேன்.

என் பெட்டியையாவது எழுப்ப வேண்டும். நோட்டின் மூன்றாம் பக்கம். பாஸ்வேர்ட் அடித்தேன், திரையில் எதுவும் தெரியவில்லை. விசைப்பலகையும் போயிற்று என்று நினைத்தேன். நோட்டில் அதற்கும் எழுதியிருந்தீர்கள்: 'அடிக்கறது தெரியாது. ஆனா அது கவனிச்சுக்கிட்டுத்தான் இருக்கு.' நீங்கள் சொன்ன கோப்பைத் திறந்தேன். நான்கைந்து வரிகளுக்குக் கீழே அந்த வரி இருந்தது. அழித்துவிடலாம் என்று விரலைக் கொண்டுபோன போதுதான் பக்கத்தின் அடியில் இருந்ததைப் படித்தேன்.

'தேவையில்லாத வரியை அழிக்காதீங்க. முன்னாடி ஒரு # போடுங்க, போதும். டி.சி. வாங்கிட்டுப் போன புள்ளைய ரிஜிஸ்டர்ல அடிச்சிட மாட்டோம்ல? பேரு இருக்கும். கூப்பிட மாட்டோம்.'

அந்தக் குறியை அடிக்க எனக்கு வெகு நேரம் பிடித்தது. அடித்தேன். சேமித்து வெளியே வந்து, மறுபடி இயக்கினேன். கம்ப்யூட்டர் யாருக்காகவும் காத்திருக்காமல் அரை நிமிடத்துக்குள் எழுந்துவிட்டது. அவ்வளவு சீக்கிரம் எழுந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நான் வாசித்த ஏழு பாடங்களும் உள்ளே அப்படியே இருந்தன. கேள்விகள் இல்லை. நானே கேள்விகளைத் தயாரித்து, நானே பதிந்து, உங்கள் நோட்டைப் பார்த்து ஒன்றாகச் சேர்த்து, முதல் பாடத்தைச் செல்விக்கு அனுப்பினேன். மறுநாள் போன் வந்தது.

"கேட்டேன் டீச்சர். பாடம் நல்லாயிருக்குது. ஆனா ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லும்மா."

"அவங்க பத்து எண்ணுவாங்க. நீங்க ஆறுலயே பதிலைச் சொல்லிடறீங்க."

போட்டுக் கேட்டேன். ஆமாம். கேள்வி கேட்டு முடித்ததும் வரும் அந்த மௌனம் எனக்கு நீளமாகத் தெரிந்திருக்கிறது. அதில் இருக்க முடியாமல் ஓடி வந்திருக்கிறேன்.

அந்தப் பாடத்துக்குத் திரும்பவும், மற்ற ஆறுக்கும் கேள்விகளைப் பதிந்து அனுப்பிவிட்டேன். செல்வி போன வாரம் தேர்வு எழுதினாள். எப்படி எழுதினாள் என்று அவளுக்கும் தெரியவில்லை. அடுத்த தேர்வுக்கும் பாடம் வேண்டும் என்று கேட்டிருக்கிறாள்.

கேபிளைக் கழற்றப் போவதில்லை. பெருக்கும்போது கொஞ்சம் விலக்கிக்கொள்கிறேன். இதை எழுதி முடித்ததும் மைக்கின் முன்னால் உட்கார வேண்டும். புதுப் பாடத்தின் முதல் கேள்வியைக் கேட்டுவிட்டு மனதுக்குள் எண்ணுவேன். ஏழுக்கு மேல் எனக்கு இன்னும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் பத்து வரைக்கும் போகிறேன், டீச்சர்.