பதினோராம் பக்கத்து உச்ச சுரம்

துர்க்கு, 3 பிப்ரவரி 1998

என் தைஸ்தோ,

உன் கடிதம் வந்தது. நான் நலம். கடல் உறைந்து கிடக்கிறது. சௌனா நீராவிக் குளியலுக்கு விறகு வைக்க நீ இல்லை. நானே வைத்துப் புகையில் இருமுகிறேன், பாடகியின் தொண்டை என்று அந்தப் புகைக்குத் தெரியுமா? மூன்று பக்கம் எழுதியிருக்கிறாய். எண்ணிப் பார்த்தேன், ஹில்லாவின் பெயர் ஒன்பது தடவை வருகிறது. என் பெயர் உறையின் மேல் ஒரு தடவை.

கொலோனில் உன் குழுவுக்கு இருபத்தாறு வயதுப் பாடகி கிடைத்திருக்கிறாள். சந்தோஷம். அதற்காக நீ எனக்கென்று எழுதிய பாட்டைத் தூக்கி அவளிடம் கொடுப்பாயா? அரங்கேற்றத்திலிருந்து இரண்டு வருடம் நான் மட்டுமே பாடலாம் என்று பதிப்பகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டது நீதானே. அந்தக் கெடு மே மாதம்தான் முடிகிறது. மார்ச்சிலேயே அவள் பாட என் சம்மதம் கேட்கிறாய். தரமாட்டேன்.

கிளாரினெட் வாசிக்கும் நம் வெய்க்கோவிடம் புலம்பினேன். "அந்தப் பொண்ணு பாடினா பாட்டு தேஞ்சா போயிடும்?" என்றார். பாட்டு தேயாது, நான்தான் தேய்ந்துபோவேன் என்றேன். பொறாமைதான். உன்னிடம் ஒளிப்பானேன்?

உன் ஐனி


கொலோன், 11 பிப்ரவரி

என் தங்கமே,

திட்டை வாங்கி வைத்துக்கொண்டேன். ஹில்லா இசைக்கவையைத் தட்டி நெற்றிப்பொட்டில் வைத்துச் சுரம் பிடிக்கிறாள், பாடுகிறாள், ரொட்டியைக் கடித்துக்கொண்டே டிராமுக்கு ஓடுகிறாள். எனக்கு அவளைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான். நீ வேறு எதையோ கற்பனை செய்துகொண்டு மனதைக் கெடுத்துக்கொள்ளாதே.

பாட்டை மாற்றிவிட்டேனோ என்ற சந்தேகமும் உனக்கு இருக்கும். அவளுக்குக் கொடுத்த இசைப்பிரதியையே இத்துடன் அனுப்புகிறேன். புரட்டிப் பார். நான் உனக்கு எழுதிய அதே பாட்டு, ஒரு புள்ளிகூட மாறவில்லை. பார்த்துவிட்டுச் சம்மதம் அனுப்பு. வேளைக்குச் சாப்பிடு.

தைஸ்தோ


துர்க்கு, 18 பிப்ரவரி

தைஸ்தோ,

புரட்டிப் பார்த்தேன். பதினோராம் பக்கத்தில் கை நின்றுவிட்டது. செல்லோ ஓய்ந்து குரல் மட்டும் தனியாக ஏறும் இடம். அங்கே அந்த உச்ச சுரம் இருக்கிறது.

என் பிரதியில் அது இல்லை. அரங்கேற்றத்துக்கு முந்தைய இலையுதிர்காலத்தில் நீ ஒத்திகைக்கு வந்து பென்சிலால் அதை அடித்தாய். "எழுதினப்பவே பிடிக்கல, ஐனி. வெறும் கத்தலா இருக்கு. கீழே இறக்கிட்டேன்" என்றாய். என் புருஷனுக்கு எவ்வளவு கூர்மையான காது என்று பூரித்துப்போனேன். பேட்டி கேட்டவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிப் பெருமையடித்தேன்.

அந்த வாரம் அந்தச் சுரம் எனக்கு மூன்று தடவை உடைந்தது. குளிர், சரியாகிவிடும் என்று நினைத்தேன். வெய்க்கோ தரையைப் பார்த்துக்கொண்டு நின்றது இப்போதுதான் புரிகிறது. அது என் குரலுக்கு எட்டவில்லை என்று ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கிறது, பாடினவளுக்குத்தான் தெரியவில்லை.

போன வாரம்வரை ஹில்லா மேல் வயிறு எரிந்தது. இப்போது, நீ முதல் முறை எழுதும்போது உன் மனதில் பாடினாளே ஒரு ஐனி, அவள் மேல் எரிகிறது. எது நல்ல சுரம், மேலேயா, கீழேயா? சமாதானம் வேண்டாம். நிஜத்தை எழுது.

ஐனி


கொலோன், 25 பிப்ரவரி

ஐனி,

மேலே.

பொய்தான் சொன்னேன். நான்காவது தடவை உடைந்தால் உன் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று பயந்தேன். நீ உள்ளே தண்ணீர் குடிக்கப் போனபோது பென்சிலை எடுத்தேன். நான் கோழை. இந்தப் பிரதியை அனுப்பும்போது ஏமாற்றும் எண்ணமே இல்லை. என் காதில் அது கீழே இறங்கவே இல்லை, இறக்கியதையே மறந்துபோயிருக்கிறேன். அது இன்னும் கேவலம் என்று தெரிகிறது.

ஹில்லா பாட வேண்டாம். கேட்டதே தப்பு.

தைஸ்தோ


துர்க்கு, 5 மார்ச்

தைஸ்தோ,

உன் கடிதம் கிடைத்த அன்றே வெய்க்கோவைக் கூட்டிக்கொண்டு ஒத்திகை அறைக்குப் போனேன். தரையைப் பார்க்கக் கூடாது, என்னைப் பார்த்தபடி வாசிக்க வேண்டும் என்றேன். அந்த நான்காவது தடவையை நானே பாடினேன். உடைந்தது. வெய்க்கோ கிளாரினெட்டை இறக்கிவிட்டு, "போயிடுச்சு, ஐனி" என்றார். இரண்டரை வருடம் முன்பு நீ சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை. நான் அழுதேன், பிறகு இருவரும் போய் மீன் சூப் குடித்தோம்.

சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். ஹில்லா பாடட்டும், மேலேயே பாடட்டும். நான் வரமாட்டேன், அவள் அதைத் தொடும்போது கைதட்டும் அளவுக்கு எனக்குப் பெரிய மனசு கிடையாது. ஈஸ்டருக்கு நீ வீட்டுக்கு வா. சண்டை நேரில்தான் போட வேண்டும், தபால்தலை போதவில்லை.

ஒன்று மட்டும். அவளுக்கும் ஒருநாள் அந்தச் சுரம் உடையும். அன்றைக்கு அவளிடம் உள்ளதைச் சொல்லிவிடு. பென்சிலை எடுக்காதே. நீ பொய் சொல்லிச் சுரத்தை இறக்கியது என் ஒருத்திக்காக மட்டும்தான் இருக்க வேண்டும்.

ஐனி