நாலாம் மாடிக் கதவு

செம்பூர்
10.6.2024

அன்புள்ள முத்து,

நான் நலம். நீயும் அன்னமேரியும் நலமாக இருப்பீர்கள். டோம்பிவிலியில் மழை தொடங்கிவிட்டதா? நேரில் பேசினால் சண்டை வருகிறது. போனையோ பாதியில் வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன்.

2018 கணபதி பண்டிகை நாளில் எங்கள் பில்டிங் லிஃப்ட் குழியில் விழுந்தாளே சுனிதா, அவள் போட்ட வழக்கு சாட்சி விசாரணைக்கு வருகிறது. நான் செக்ரட்டரியாக இருந்த குடியிருப்பு சொசைட்டி முதல் பிரதிவாதி, லிஃப்ட் மெக்கானிக்கான நீ இரண்டாவது. சொசைட்டி வக்கீல் கலீலுல்லாவிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். லிஃப்டில் ஏறுகிறவர்கள் விஷயத்தில் நமக்குக் கடமை இருந்தது, அதில் பேச்சே இல்லையாம். அதை மீறினோமா என்பதைத்தான் கோர்ட் பார்க்குமாம். கவனமுள்ள ஒரு சாதாரண மனிதன் நம் இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பான்? ஆபத்து முன்கூட்டியே தெரிந்திருக்குமா? தடுப்பதற்கு எவ்வளவு சிரமம்? இப்படி எடை போடுவார்களாம்.

இனி எழுதுவது வக்கீல் சொன்னதல்ல, நானாக யோசித்தது. நாலாம் மாடிக் கதவின் லாக் அன்றைக்குத் திடீரென்று போனது, முன்னால் யாருக்கும் தெரியாது என்று இருவரும் சொன்னால் இருவருமே தப்பிப்போம். லாக் பழுது என்று நீ என்னிடம் சொன்னபோது பக்கத்தில் யாரும் இல்லை. யோசித்துப் பதில் போடு.

கலைச்செல்வி உங்கள் இருவரையும் விசாரித்தாள்.

அன்புடன்,
பிரம்மநாயகம்


டோம்பிவிலி
19.6.2024

அன்பு நாயகத்துக்கு முத்து எழுதுறது.

நாங்க நல்லா இருக்கோம். மழை வந்தாச்சு, ரெண்டு நாளா டிரெயின் எல்லாம் தாமதம். உன் லெட்டரை அன்னமேரிக்கு வாசிச்சுக் காட்டலை.

கணபதிக்கு முந்தின நாள் நடந்தது ஒனக்கு மறந்திருக்காது. "லிஃப்ட் பெட்டி வராமலே நாலாம் மாடிக் கதவு தொறக்கு. சாமான் வர ரெண்டு நாள் ஆகும், அதுவரை லிஃப்டை நிறுத்தி பந்த் பண்ணுதேன்"னு சொன்னேன். நீ என்ன சொன்ன? "ஆறாம் மாடியில ஆபரேஷன் பண்ணுன ஆளு இருக்காரு, வீட்டுக்கு வீடு விருந்தாளி வாராங்க, பந்த் பண்ணாதல, நான் பாத்துக்கிடுதேன்"ன. பாத்துக்கிட்டது என்ன? கதவுக்கு முன்னால ஒரு நாற்காலி, கதவுல இங்கிலீஷ்ல ஒரு காகிதம். மறுநாள் விருந்தாளி உட்கார யாரோ நாற்காலியைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க.

போன வாரம் வடாலாவுல சுனிதா வீட்டுக்குப் போனேன். "காகிதத்தைப் பார்த்தேன் அண்ணாச்சி, ஏதோ மீட்டிங் நோட்டீஸ்னு நெனைச்சேன்"னு சொன்னா. உங்க பில்டிங்ல நாலு வீட்டுல பாத்திரம் தேய்ச்ச பிள்ளை. ரெண்டு மாடி கீழ நின்ன பெட்டி மேல விழுந்து இடுப்பு ஒடைஞ்சுது. இன்னும் கம்பு ஊனித்தான் நடக்கா.

நான் உள்ளதைத்தான் சொல்லுவேன். என் தப்பையும் சேர்த்துச் சொல்லுவேன். கோபப்படாத.

முத்து


செம்பூர்
26.6.2024

இன்னாசிமுத்து,

கடிதம் கிடைத்தது. நான் ஒன்றும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. எச்சரிக்கை ஒட்டினேன், நாற்காலி போட்டேன். இந்தத் தெருவில் எந்த பில்டிங்கிலும் இதற்கு மேல் செய்து நான் பார்த்ததில்லை. சம்பளம் இல்லாமல் பதினெட்டு வருஷம் செக்ரட்டரியாக இருந்தவனை இந்த வயதில் பொய்யனாகக் கோர்ட்டில் நிறுத்தப் போகிறாய். வடாலா ஸ்கூலில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன் செய்கிற காரியமா இது?

இனி எழுத வேண்டாம்.

பிரம்மநாயகம்


டோம்பிவிலி
8.8.2024

அன்பு நாயகத்துக்கு,

எழுத வேண்டாம்ன. இது ஒண்ணு மட்டும் எழுதிக்கிடுதேன்.

நேத்து கோர்ட்ல நீ பின்வரிசையில இருந்த. எம் பக்கம் திரும்பலை. நீ என்ட்ட சொன்னதைச் சொன்னேன். அப்புறம் சுனிதாவோட வக்கீல் என்னைப் பிடிச்சுக்கிட்டார்.

"மெயின் சுவிட்சை இறக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

"அரை நிமிஷம்."

"ஏன் இறக்கலை?"

"செக்ரட்டரி வேண்டாம்னார்."

"மெக்கானிக் அவரா, நீங்களா?"

"நான்தான்"னேன். ஜட்ஜம்மா எழுதிக்கிட்டாங்க.

உன்னை மட்டும் மாட்டிவிட்டேன்னு நினைக்காத. முப்பது வருஷமா லிஃப்ட் வேலை பார்த்தவன் நான். பெட்டி இல்லாம தொறக்கிற கதவு என்ன செய்யும்னு உன்னைவிட எனக்குத் தெரியும். உங்க பில்டிங் வேலை கைவிட்டுப் போயிரக் கூடாதுன்னு வாயை மூடிக்கிட்டு இறங்கி வந்தேன். வீட்டுல யார்ட்டயும் இதைச் சொன்னதில்லை, கோர்ட்லதான் சொன்னேன்.

அன்னமேரி உனக்காகவும் ஜெபம் பண்ணுதா. முடிஞ்சா ஒரு வரி எழுது.

முத்து


செம்பூர்
21.9.2025

அன்புள்ள முத்து,

உன் கடிதத்துக்கு ஒரு வருஷமாகப் பதில் போடவில்லை. வியாழக்கிழமை தீர்ப்பு. காய்ச்சலால் நீ வரவில்லை என்றார்கள். இப்போது தேவலையா?

இருவருமே கடமையை மீறியிருக்கிறோம், நஷ்டஈட்டில் பெரும்பங்கு சொசைட்டிக்கு. இதற்குள் உனக்குத் தகவல் வந்திருக்கும். நான் நல்ல எண்ணத்தில்தான் செய்தேன் என்று ஜட்ஜம்மா ஒத்துக்கொண்டார். ஆனால் கேள்வி எண்ணத்தைப் பற்றியது இல்லையாம். விசேஷ நாளில் நாற்காலி இடம் மாறும், வேலைக்கு வருகிறவர்களில் பலருக்கு இங்கிலீஷ் தெரியாது, இதெல்லாம் செக்ரட்டரி யோசித்திருக்க வேண்டும் என்றார். தெரு முழுக்க அப்படித்தான் செய்கிறார்கள் என்றால், தெரு முழுக்கக் கவனமில்லை என்றுதான் அர்த்தம் என்றார். ஆறாம் மாடிக்காரரைப் பற்றியும் சொன்னார். லிஃப்டை நிறுத்தியிருந்தால் அவர் இரண்டு நாள் வீட்டிலேயே இருக்க நேர்ந்திருக்கும், அதையும் ஒரு உயிர் குழியில் விழுவதையும் ஒரே தட்டில் வைக்க முடியாது என்றார்.

முடிந்ததும் எல்லாரும் லிஃப்ட் பக்கம் போனார்கள். சுனிதா மட்டும் கம்பை ஊன்றிக்கொண்டு படியில் இறங்கினாள். மூன்று மாடி. நானும் பின்னாலேயே இறங்கினேன். அவள் மூச்சு வாங்க நின்ற இடத்தில் எல்லாம் நானும் நின்றேன்.

கீழே வந்ததும் திரும்பிப் பார்த்தாள்.

"ஏன் சார், நீங்க லிஃப்ட்ல வந்திருக்கலாமே?" என்றாள். நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள்.

கலைச்செல்வியிடம்கூட இதைச் சொல்லவில்லை. உன்னிடம்தான் சொல்ல வேண்டும் போல் இருந்தது.

உன்,
நாயகம்