இரண்டாவது தேங்காய்

மாமா,

இன்று காலை காந்தி மார்க்கெட்டில் இரண்டு தேங்காய் வாங்கினேன். கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததை வேண்டாமென்று தள்ளிவிட்டு, நானே குவியலில் குனிந்து ஒவ்வொரு காயாகக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தேன். முதல் காய் சரி. இரண்டாவதை ஆட்டும்போது உள்ளே தண்ணீர் களுக்கென்றது. அவ்வளவுதான், உள்ளங்கை வேர்த்துவிட்டது. காய் நழுவிக் குவியலிலேயே விழுந்தது. "என்னக்கா, தேங்காய் கடிச்சிடுச்சா?" என்று கடைக்காரர் சிரித்தார். யார் என்ன சொன்னாலும் ஒரு படி கூடச் சேர்த்துத் திருப்பிக் கொடுக்கிற வாய் எனக்கு. இன்றைக்கு அதிலிருந்து ஒன்றும் வரவில்லை.

நாளைக் காலை உங்கள் குட்டியானை லோடு வண்டி பழனிக்குக் கிளம்புகிறது. கவிதாதான் ஓட்டுகிறாள். அவள் பிள்ளைக்கு, அதாவது உங்கள் பேரனுக்கு, முடியிறக்கிக் காது குத்துகிறோம். அது முடிந்ததும் நீங்கள் எங்களை அழைத்துப்போன அதே வழியில் கொடைக்கானல் ஏறி, வத்தலக்குண்டுப் பக்கமாக இறங்கி ஊர் திரும்ப வேண்டுமாம். அக்காவின் ஆசை. ஆட்களெல்லாம் வேனில். அடுப்பு, அண்டா, அரிசி மூட்டை நம் லோடு வண்டியில். "முன்சீட்டுல நீதான் சித்தி" என்று உங்கள் மகள் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். நான் சரியென்று சொல்லவில்லை.

நீங்கள் அந்த வண்டியை வாங்கியது மேலூரிலிருந்து மார்க்கெட்டுக்கு வாழைத்தார் ஏற்றத்தான். எவ்வளவு கழுவினாலும் வாழைக்கறை வாசம் போகாது. அதில் குடும்பத்தோடு சுற்றுலா போகலாம் என்று நீங்கள் சொன்னபோது அக்கா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டது. "தாரு ஏத்தற வண்டியில என்னை ஏத்தறாராம்!" நான் விடுவேனா? "தாரை விட நீ வெயிட்டுக்கா. மாமா டயருக்குக் காத்தடிச்சிட்டு வரட்டும்" என்றேன். நீங்கள் சிரித்த சிரிப்பில் மீசையில் அடித்திருந்த டை கன்னம் வரை வழிந்தது.

தார்ப்பாய் கட்டி, ஜமுக்காளம் விரித்து, நடுவில் புளிசாதத் தூக்கை வைத்து மற்றவர்களெல்லாம் பின்னால் ஏறினார்கள். லோடு வண்டியில் ஆள் ஏற்றக் கூடாதென்று இப்போது கவிதா சட்டம் பேசுகிறாள். அவள் சொல்வதுதான் சரி. அன்றைக்கு நமக்கு அது தெரியாமலும் இல்லை. போலீஸ் நிற்கிற இடம் வந்தால் பின்னால் இருந்தவர்கள் தார்ப்பாயை இழுத்துவிட்டு மூச்சு விடாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

உங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. தூரப் பயணம் என்றால் இரண்டு தேங்காய். ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் தெரிகிற இடத்தில் வண்டியை நிறுத்தி, சூடம் சுற்றி, ஒன்றை உடைப்பீர்கள். இன்னொன்றுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து வண்டியிலேயே கூட்டிப்போவீர்கள். திரும்பி வந்து வாசலில் அதை உடைத்தால்தான் பயணம் முடிந்தது என்று கணக்கு. "போறதுக்கு மட்டும் சாமிகிட்ட சொல்லிட்டு, வந்ததைச் சொல்லாம இருக்கலாமா?" என்பீர்கள். அந்த இரண்டாவது தேங்காய் பின்னால் போகக் கூடாது, யார் காலாவது பட்டுவிடும் என்று ஒரு மஞ்சள் பையில் போட்டு ஸ்டீயரிங்குக்கு முன்னால் கண்ணாடியோரம் வைத்தீர்கள்.

பக்கத்து சீட் எனக்கு. நீங்கள் தூங்காமல் பேசிக்கொண்டே வருவதுதான் வேலை. அந்த வேலைக்கு நம் குடும்பத்தில் வேறு ஆளும் கிடையாது. உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்த ஜன்னலில் கண்ணாடி உடைந்து வெறும் கம்பிவலைதான் இருந்தது. அதனால் நான் பேசுகிற பேச்செல்லாம் பின்னால் கேட்கும். அவர்கள் சிரிப்பது எனக்குக் கேட்கும்.

பழனியும் ஆச்சு, கொடைக்கானலும் ஆச்சு. சாப்பிட்டுவிட்டு மத்தியானமாக இறங்க ஆரம்பித்தோம். பனிமூட்டம் லேசாக ரோட்டின் மேல் நின்றது. என் பக்கம் பள்ளம். நீங்கள் அக்காவைப் பெண் பார்க்க வந்த கதையை நான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு கொண்டை ஊசி வளைவில் வண்டி திரும்பியபோது மஞ்சள் பை சரிந்து கீழே விழுந்தது. பையிலிருந்து தேங்காய் உருண்டது. உருண்டு உங்கள் காலுக்குப் போனது.

அடுத்த வளைவுக்கு முன்னால் பிரேக்கை மிதித்தீர்கள். பாதியில் நின்றுவிட்டது. குனிந்து பார்த்த எனக்குப் பெடலுக்கு அடியில் குங்குமம் வைத்த குடுமி தெரிந்தது. "மாமா, தேங்கா!" என்றேன்.

அப்போது நீங்கள் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் குளிரெடுக்கும். சாமி தேங்காயில் கால் பட்டுவிட்டதே என்று வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டு, ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டீர்கள்! அந்த இறக்கத்தில்! வண்டி கயிறு அறுந்த மாடு மாதிரி ஓடியது. உங்களுக்குச் சட்டென்று உறைத்தது. முதல் கியருக்குத் தள்ளினீர்கள். எஞ்சின் அலறியது. ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தீர்கள். ஓட்டம் மட்டுப்பட்டது, நிற்கவில்லை. எதிரே கீழேயிருந்து ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு ஏறி வந்தது.

நான் ஊமையாகிவிட்டேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"பேசு" என்றீர்கள். ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. குரல் எனக்கு மட்டும் கேட்கிற அளவுக்குத்தான் இருந்தது. "பேச்சை நிறுத்தாத மல்லிகா. நிறுத்துனா பின்னாடி இருக்கறவங்களுக்குத் தெரிஞ்சிடும். உங்க வீட்டுக்காரரு எகிறிக் குதிப்பாரு. புள்ளைங்க எழுந்திரிச்சிடும். பேசு."

என் வீட்டுக்காரரை எனக்குத் தெரியாதா? பட்டாசு வெடித்தாலே பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்துகிற மனுஷன். நிச்சயம் குதித்திருப்பார்.

"பொண்ணு பாக்க வந்தாங்களா..." என்று ஆரம்பித்தேன். என் குரல் எனக்கே யாரோ பேசுவது போலிருந்தது. "வந்த மனுஷன் பொண்ணை எங்க பாத்தாரு? பஜ்ஜியைத்தான் பாத்துக்கிட்டிருந்தாரு!"

பின்னாலிருந்து அக்கா, "அதைத்தானே நானும் இத்தனை வருஷமாச் சொல்றேன்!" என்றது. எல்லாரும் சிரித்தார்கள்.

"குனிஞ்சு எடு" என்றீர்கள்.

கியருக்கு மேலே சாய்ந்து, உங்கள் முழங்காலில் தலையை முட்டுக்கொடுத்து, கையைக் கீழே விட்டேன். காய் பெடலுக்கும் தரைக்கும் நடுவில் இறுகிக் கிடந்தது. இழுத்தால் அசையவில்லை. நீங்கள் மறுபடி மிதித்துக்கொண்டிருந்தீர்கள். அந்தப் பாதி பிரேக்காவது பிடித்துக்கொண்டிருந்தது. காலை எடுத்தால்தான் காய் வரும். எடுத்தால் அந்தப் பாதியும் போய்விடும்.

"காலை எடுக்கப்போறேன். எடுத்ததும் உருவிடு."

"வேணாம் மாமா."

"பேசு புள்ள. சத்தமாப் பேசு."

"அந்தப் பஜ்ஜியில காரம் தூக்கல்!" என்று நான் கத்தினேன். தலை கீழே, குரல் மட்டும் மேலே. "கண்ணுல தண்ணியா ஊத்துது! எங்கப்பா அதைப் பாத்துட்டு, மாப்பிள்ளை ரொம்ப இளகின மனசு, பொண்ணைப் பாத்ததும் அழுவுறாருன்னு..."

நீங்கள் காலை எடுத்தீர்கள். வண்டி முன்னால் பாய்ந்தது வயிற்றில் தெரிந்தது. எனக்கு ரோடு தெரியவில்லை, பஸ் தெரியவில்லை, பள்ளம் தெரியவில்லை. தெரிந்ததெல்லாம் ஒரு குடுமி. அதைப் பிடித்து இழுத்தேன். நார் பிய்ந்து கையோடு வந்தது, காய் வரவில்லை. இரண்டு கையும் போட்டு நகத்தால் கவ்வி இழுத்தேன். வந்தது. உங்கள் கால் என் விரலை உரசிக்கொண்டு பெடலில் இறங்கியது. பஸ் நம்மை உரசினாற்போல் மேலே போனது. அதன் காற்று மட்டும் ஜன்னல் வழியாக முகத்தில் அடித்தது.

"...அன்னிக்கே கல்யாணத்தைப் பேசி முடிச்சிட்டாரு" என்று கதையை முடித்தேன். பின்னால் ஒரே கைதட்டல்.

ரோடு கொஞ்சம் அகன்ற இடத்தில் வண்டியை ஓரங்கட்டினீர்கள். நான் இறங்கிக் கல்லைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தேன். என் வீட்டுக்காரர் தார்ப்பாயை விலக்கித் தலையை நீட்டி, "என்ன, டீ குடிக்கவா?" என்றார். "ஆமாங்க. உங்க வீட்டம்மாவுக்குப் பேசிப் பேசித் தொண்டை வறண்டுடுச்சு" என்றீர்கள். சிரித்துக்கொண்டேதான் சொன்னீர்கள். பிறகு தேங்காயை வாங்கிக் கண்ணில் ஒற்றி, அதனிடம் உதட்டுக்குள் ஏதோ மன்னிப்புக் கேட்டு, என் மடியில் வைத்தீர்கள். "இனிமே ரெண்டாவது காய் இங்கதான். கண்ணாடிகிட்ட வேணாம்."

ஸ்ரீரங்கம் வரும் வரை அதை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். வீட்டு வாசலில் நீங்கள் உடைக்கக் கேட்டபோது என் விரல்கள் பிரியவில்லை. ஒவ்வொரு விரலாக அக்காதான் எடுத்துவிட்டது. அப்போதுதான் அதுக்குச் சந்தேகம் வந்து, என்ன நடந்தது என்று உங்களைப் பிடித்து உலுக்கியது.

அதற்குப் பிறகு எந்த வண்டியிலும் நான் முன்னால் உட்காரவில்லை. எங்கள் காட்டூர் வீட்டிலிருந்து உங்கள் வீட்டுக்கு வர பஸ் ஏறினால் கடைசி சீட்டுக்குப் போய்விடுவேன். காவிரிப் பாலத்தில் பஸ் பிரேக் போட்டால் என் கால் தானாகத் தரையை மிதிக்கும். இதை வைத்து நீங்கள் என்னைக் கேலி செய்ததே இல்லை. மற்றதற்கெல்லாம் விட்டீர்களா என்ன?

ஆஸ்பத்திரியில் நீங்கள் படுத்திருந்தபோது தினமும் வந்து பேசினேன். நர்ஸம்மா கூட வேலையை விட்டுவிட்டு நின்று கேட்பார்கள். ஒருநாள் டாக்டர் என்னையும் கவிதாவையும் மட்டும் வெளியே கூப்பிட்டுப் பேசினார். உள்ளே திரும்பி வந்து உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தேன். வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. மலையில் ஒட்டிக்கொண்ட மாதிரியே நாக்கு ஒட்டிக்கொண்டது. நீங்கள் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தீர்கள். எல்லாம் புரிந்துவிட்டது உங்களுக்கு.

"பேசு மல்லிகா" என்றீர்கள். மூச்சு வாங்கியது. "வெளியில உங்கக்கா நிக்குது. தெரிஞ்சிடும்."

பஜ்ஜிக் கதையைத்தான் மறுபடி சொன்னேன். கதவுக்கு வெளியே அக்கா சிரித்தது. நீங்கள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள்.

மார்க்கெட்டிலிருந்து நேரே உங்கள் வீட்டுக்குத்தான் போனேன். கவிதா வாசலில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். தேங்காய்ப் பையை நீட்டினேன். "நான் வேன்ல வந்துடறேன் கண்ணு. முன்னாடி உன் வீட்டுக்காரரை உக்கார வச்சுக்க" என்றேன்.

"அவரா? வண்டி ஏறுனதும் குறட்டை விடுவாரு."

"அப்ப தூங்காத ஆளா யாரையாவது பாரு. எனக்கு முடியாது. மலைன்னா எனக்கு ஆகாதுன்னு தெரியுமில்ல?"

குழாயை நிறுத்திவிட்டு வந்தாள். உங்களைப் போலவே ஒரு பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். "அப்பா இருந்தப்பவே ஒண்ணு சொல்லியிருக்காரு சித்தி. எனக்கு வண்டி பழக்குனப்ப சொன்னது. மலை எறங்கறப்ப பக்கத்துல சித்தி இருக்கணும்னாரு."

"எதுக்கு? பின்னாடிதான் ஆளே இல்லையே. லோடு மட்டும்தான. அண்டாவுக்கா கதை சொல்லப்போறேன்?"

"பின்னாடி இருந்தவங்களுக்காக உன்னைப் பேசச் சொல்லலையாம் சித்தி. அது சும்மா சொன்னதாம். உன் சத்தம் நின்னதும் அவர் காலு வெடவெடன்னு ஆட ஆரம்பிச்சிடுச்சாம். பெடல்ல நிக்கவே இல்லையாம். நீ குனிஞ்சுகிட்டே பஜ்ஜி காரம்னு கத்துன அப்புறம்தான் நின்னுதாம்."

உங்கள் முழங்காலில் தலையை முட்டுக்கொடுத்திருந்தேனே, மாமா. அது ஆடியது எனக்குத் தெரியும். வண்டி ஆடுகிறது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

கவிதா குரலை இறக்கிக்கொண்டாள். "எனக்கும் பயமாத்தான் இருக்கு சித்தி. மார்க்கெட்டுக்கும் மேலூருக்கும் ஓட்டியிருக்கேன். மலையில ஓட்டுனதில்ல. அம்மாகிட்ட சொல்லிடாத."

அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி, உன்னைப் பொண்ணு பாக்க வந்தாரே உன் வீட்டுக்காரரு..." என்று தொடங்கினேன். அதற்கே சிரித்துவிட்டாள். உள்ளேயிருந்து அக்கா, "என்னடி அங்க கூத்து?" என்றது.

முதல் காயைக் கவிதாவிடம் கொடுத்துவிட்டு இரண்டாவதை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அதை மடியில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுத்துக்கூட்டி எழுதுகிற கை, வரி கோணலாகத்தான் போகும். நான் அசையும்போதெல்லாம் காய்க்குள் களுக் களுக்கென்கிறது. பொல்லாத பயம் மாமா, கொஞ்சம்கூடக் குறையவில்லை. ஆனால் மாப்பிள்ளை கவிதாவைப் பெண் பார்க்க வந்து கேசரியில் கைவிட்ட கதையை எந்த வளைவில் எடுக்கலாம் என்று யோசித்து வைத்துவிட்டேன். அது தீர்ந்துபோனால் இருக்கவே இருக்கிறது உங்கள் பஜ்ஜி.