கழற்றி வைத்த பானெட்டைத் திருப்பித் தரக் கோரி

அனுப்புநர்:
வாடகைக் கார் ஓட்டுநர் (பெண்),
தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்ச் சந்து, மாடி வீடு.

பெறுநர்:
தலைமை அதிகாரி அவர்கள்,
வாகனத் தகுதி ஆய்வு அலுவலகம்.

பொருள்: தகுதி ஆய்வின்போது கழற்றப்பட்ட என் காரின் பழைய பானெட் (எஞ்சின் மூடி), என்னைக் கேட்காமல் பழைய இரும்போடு ஏற்றி அனுப்பப்பட்டது – கண்டுபிடித்துத் தர வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இதை நான் கோபத்தில் எழுதவில்லை. கோபம் இருந்தது. தங்கள் அலுவலகத்தின் ஒரு சன்னலிலிருந்து இன்னொரு சன்னலுக்கு நடந்து நடந்து அது தேய்ந்துவிட்டது. இப்போது மிஞ்சியிருப்பது வருத்தம்தான்.

2. நான் வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவள். என் கணவர் பெரிய கட்டடங்களில் குளிர்காற்று போகும் தகரக் குழாய்களைச் செய்து பொருத்திவந்தவர். சென்ற ஆண்டு பக்கவாதம் வந்ததில் பேச்சும் வலது கையும் ஒருசேரப் போயின. பேச்சு முக்கால்வாசி திரும்பியது. கை திரும்பவில்லை. கைப்பயிற்சி நிலையத்துக்கு நானே அவரைக் காரில் அழைத்துப்போவேன். அங்குள்ள பெண் ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொல்வார். இவரோ அதை மடியில் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். கட்டாயப்படுத்தினால், "நான் என்ன பச்சைப் பிள்ளையா?" என்பார்.

3. கார் பழையது. மேட்டுச் சாலை ஏறினாலே எஞ்சின் கொதித்து, சூட்டுமானியின் முள் சிவப்பைத் தொட்டுவிடும். ரேடியேட்டரை மாற்றினேன், விசிறியை மாற்றினேன், ஒன்றும் பலிக்கவில்லை. ஒரு நாள் பாதி மேட்டில் ஆவி கிளம்ப, பயணி முணுமுணுத்தபடி இறங்கி நடந்தே போய்விட்டார். வீட்டில் தனியே விட முடியாமல் பக்கத்து இருக்கையில் உட்காரவைத்திருந்த என் கணவர் பானெட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "உள்ள வர்ற காத்து வெளிய போக வழியில்ல. அதான் சங்கதி." நோய் வந்த பிறகு அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அதுவே முதல் முறை.

4. காற்று போகும் வழியை அவரே வெட்டினார். கொல்லைப்புறத்தில் இரண்டு ஸ்டூல்மேல் பானெட்டைக் கவிழ்த்துப் போட்டு, நான் ஓரத்தைப் பிடித்துக்கொள்ள, அவர் வலது முழங்கையால் தகரத்தை அழுத்தியபடி இடது கையால் கத்திரி பிடித்தார். முதல் வெட்டுக்கே ஒரு பிற்பகல் முழுதும் ஆயிற்று. அதுவும் கோணலாகப் போனது. கத்திரியை வீசி எறிந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவரோ தலையைச் சொறிந்துவிட்டு, "ஒண்ணு கோணலா இருந்தா தப்பு. எல்லாம் கோணலா இருந்தா டிசைன்" என்று, மற்றவற்றையும் அதே சாய்வில் வெட்டினார். பிறகு ஒவ்வொரு வெட்டின் ஓரத்தையும் மேல்நோக்கி மடக்கினார். அவற்றுக்கு அவர் வைத்த பெயர் செவுள். மீனுக்கு இருப்பதுபோல என்றார். கடைசிச் செவுளுக்கு அரம் போடும்போது அரத்தைப் பிடித்திருந்தவை வலது கை விரல்கள். நானும் பார்த்தேன், அவரும் பார்த்தார். வாய்விட்டுச் சொன்னால் போய்விடுமோ என்று இருவருமே பேசவில்லை.

5. அதன்பின் மேட்டிலும் முள் நடுவிலேயே நின்றது. அவர் சாலையைப் பார்ப்பதை விட்டுவிட்டு முள்ளைப் பார்த்துக்கொண்டே வருவார். பயிற்சி கொடுக்கும் பெண் பந்தை மேசை இழுப்பறைக்குள் போட்டுவிட்டு, வீட்டில் செய்வதையே செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார்.

6. ஆய்வுக்கு வந்தபோது தங்கள் ஆய்வாளர் செவுள் ஒன்றின் ஓரத்தில் விரலை ஓட்டிப் பார்த்தார். விரலில் ரத்தம் முத்தாக நின்றது. "யார் மேலயாவது இடிச்சா இது கத்திம்மா" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அவர் சொன்னது சரி. அதை நான் மறுக்கவில்லை, என் கணவரும் மறுக்கவில்லை. வண்டிக்குள் இருந்தபடி, "சரிதான்" என்று மட்டும் சொன்னார். எதிர்க்கடையில் வேறொரு பானெட் வாங்கி மாட்டினோம், அன்று மாலையே சான்றும் கிடைத்தது. அதுவரை நடந்தவற்றில் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

7. என் குறை இதுதான். கழற்றிய பானெட்டைக் காரில் ஏற்ற முடியவில்லை. அலுவலக முற்றத்தின் காவலரிடம் காலையில் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். "சுவரோரம் சாத்திட்டுப் போங்கம்மா, யார் எடுக்கப்போறா" என்றார் அவர். மறுநாள் சரக்கு ஆட்டோவுடன் வந்தால் சுவர் வெறுமையாக இருந்தது. விடியற்காலையில் பழைய இரும்பு எடுக்கும் லாரி வந்து போயிருந்தது. "ஓட்டை போட்ட தகரம்தானேன்னு ஏத்திவிட்டுட்டாங்கம்மா" என்று சொன்ன காவலரின் முகம் என்னுடையதைவிட வாடியிருந்தது. எனக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தார். அவர் வேலைக்கு ஒரு தீங்கும் வரக் கூடாது என்பதையும் இம்மனுவின் பகுதியாகக் கருதும்படி வேண்டுகிறேன்.

8. லாரி யாருடையது என்று கேட்டால் ஒரு சன்னலில், அது கிடங்குப் பிரிவுக்குத்தான் தெரியும் என்கிறார்கள். கிடங்குப் பிரிவில், கழிவுப் பொருளுக்கு உரிமையாளர் என்று எவரும் கிடையாது என்கிறார்கள். இரண்டுமே விதிப்படி சரியாக இருக்கலாம். எனக்குத் தெரியவில்லை. ஆனால் அது கழிவு என்று நான் ஒருபோதும் சொல்லவில்லை, ஐயா.

9. பானெட் தங்கள் அலுவலகத்தில் பத்திரமாக இருப்பதாக என் கணவரிடம் சொல்லிவைத்திருக்கிறேன். வாய்க்கு வந்ததைச் சொன்னேன், அவர் அப்படியே நம்பிவிட்டார். கூர்மையான ஓரங்களை உள்பக்கம் சுருட்டி மடித்துவிட்டால் யார் கையையும் கிழிக்காது என்று கண்டுபிடித்திருக்கிறார். அதைச் செய்து ஆய்வாளரிடமே காட்டி, விரலை ஓட்டிப் பார்க்கச் சொல்ல வேண்டும் என்கிறார். அதற்காகக் காலி பிஸ்கட் டப்பாக்களை வெட்டி, ஓரம் மடித்துப் பழகுகிறார். வீடு முழுக்க டப்பாக்கள். கால் வைக்க இடமில்லை. எப்போது எடுத்துவரப்போகிறாய் என்று தினமும் கேட்கிறார். அலுவலகத்தில் ஆள் இல்லை, அதிகாரி வெளியூர் போயிருக்கிறார் என்று இதுவரை சமாளித்துவிட்டேன். இனிச் சொல்வதற்கு என்னிடம் ஒன்றுமில்லை.

10. ஆகவே, அந்த லாரிக்காரரின் பெயரையும் இடத்தையும் எனக்குத் தெரிவிக்கவோ, தாங்களே விசாரித்துப் பானெட்டை மீட்டுத் தரவோ ஆணையிடும்படி பணிந்து கேட்டுக்கொள்கிறேன். அதை மீண்டும் காரில் மாட்ட மாட்டேன் என்று எழுதித் தரவும் சம்மதம். ஓரம் மடித்த பிறகு மாட்டலாம் என்று தாங்களே அனுமதித்தால் அது தங்கள் பெருந்தன்மை.

11. கடைசியாக ஒன்று. என் கணவர் இப்போது தாமே படியிறங்கிப் போய்த் தபால் வாங்கிவருகிறார். தங்கள் அலுவலக முத்திரையைப் பார்த்தால் அங்கேயே நின்று பிரித்துவிடுவார். பானெட் ஏற்கெனவே நசுக்கப்பட்டிருந்தால், அந்தப் பதிலை முத்திரை இல்லாத வெறும் உறையில் என் பெயருக்கு அனுப்புங்கள். அவரிடம் நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன். பானெட் இருக்கிறதென்றால் மட்டும் முத்திரை குத்தி அனுப்புங்கள், ஐயா. அவரே பிரிக்கட்டும்.

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
(கையொப்பம்)
வாடகைக் கார் ஓட்டுநர்

நாள்: மாதத்தின் முதல் திங்கட்கிழமை
இடம்: ஆய்வு அலுவலக வாசல், காருக்குள்