போடாத பூ

1957 ஆடி 9. மழை விடல.

ஏ கருப்பட்டி. நீ போயி ஏழு நாள். இந்தக் கொப்பி உன் மருந்துக்கு நாள் குறிக்க வாங்கினது. மருந்து குடுத்த சீனாக்காரரு ஒரு நாள் தவறக் கூடாதுன்னாரு. உனக்கு எழுத்து வராது, நான் மூணாவது வரைக்கும் போனவ. தொண்ணூறு கோடு போட்டிருக்கேன். அதுக்கப்புறம் வெறுந்தாளு. அதுல எழுதுறேன்.

மிச்சம் இருக்கிறது:
மருந்துப் பொட்டலம் ஆறு, தவணைக்கு மேல குடுத்தது.
கசாயச் சட்டி, விளிம்பு ஒடஞ்சது.
உன் கம்பளி. தொவைக்கல.
தோட்டத்து மம்பட்டிய ஆள் வந்து திருப்பி வாங்கிட்டுப் போயிட்டாங்க.

உங்கம்மா காலையிலேர்ந்து சட்டியப் பாத்துப் பாத்துத் திட்டு. "இம்புட்டுக் கசாயம் குடிச்சு என்னத்தடி பெத்த? எம்புள்ளயத்தான் முழுங்கின." குடிச்சது நான்னுதான் லயம் பூரா நெனப்பு. ஒரே கூரைக்குக் கீழ பத்து காம்பரா, அந்த நாத்தத்த எங்க ஒளிக்க? உனக்காக நான்தான் சொன்னேன், எனக்குன்னு. நீ கையில அடிச்சு சத்தியம் வாங்கின. "நான் செத்தாலும் சொல்லாத புள்ள." சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்ன.

ஆடி 13. காத்து. தகரம் ஒரே ஆட்டம்.

அன்னிக்கு ஹட்டன் போனது நெனப்பு வந்துச்சு. பல்லு வலின்னு ஊருக்குச் சொல்லிட்டு, பல்லு கட்டுற சீனாக்கடைக்குப் போனோம். பின் ரூமுல கடைக்காரரோட மாமனாரு, மருந்து குடுக்குறவரு. உன் ரெண்டு மணிக்கட்டுலயும் மூணு வெரல் வச்சு கண்ண மூடிக்கிட்டாரு. நாக்க நீட்டச் சொன்னாரு. என்ன வேலைன்னாரு. இஸ்டோர் அடுப்புக்கு வெறகு போடுறேன்னு சொன்ன. பாதி சிங்களம் பாதி தமிழ்ல அவரு:

"அடுப்பு தேயிலை காய வைக்குது. உன்னையும் காய வைக்குது. புள்ளைச் சத்து குண்டிக்காய்ல இருக்கு. சூட்டுல வத்திப் போச்சு. ஊறணும்."

சாராயம் கூடாது. மொளகா கூடாது. மண்சட்டிதான், மூணு கிளாஸ் தண்ணி ஒண்ணாகணும். அடுப்படி வேலைய விடணும். மூணு மாசம் தனிப் பாய்.

வெளிய வந்து சொன்ன: "சாராயத்த விடச் சொன்னான், சரி. உன்னையுமில்ல விடச் சொல்றான் கெழவன்." ஸ்டேசன் வரைக்கும் சிரிச்சோம்.

அடுப்ப விட்டுட்டு, மலையில தண்ணிக் கான் வெட்டுற வேலை குடுங்கன்னு, வேலை பிரிக்கிற கண்டாக்கய்யாகிட்ட நீயாத்தான் போயி நின்ன. அந்தக் கான்லதான் உம்மேல மண்ணு சரிஞ்சுது.

புள்ள வேணும்னு அழுதவ நான்.

ஆடி 18. நேத்து கருமாதி. கால்வலி.

இத எழுதாம இருக்க முடியல. உன்ன எடுக்குறதுக்கு முன்னாடி மருதாயிக்கா, நம்ம லயத்துல பிரசவம் பாக்குறவங்க, செம்புல தண்ணியும் மடியில பூவுமா வந்தாங்க. காதுல கேட்டாங்க. "வயித்துல ஏதும் தங்கியிருக்கா தாயி? மாசத்துக்கு ஒரு பூ தண்ணியில போட்டு எல்லாருக்கும் காட்டணும். நாளைக்கு யாரும் ஒரு சொல்லு சொல்லக் கூடாதுல்ல."

எட்டு நாள் தள்ளியிருந்துச்சு. இப்பிடி எத்தன தடவ தள்ளி, எத்தன தடவ ஏமாந்தோம். பூ போட்டுப் பொய்யாப் போனா? உங்கம்மா எதுக்க நின்னு பாத்துக்கிட்டே இருக்காங்க. இல்லன்னு தலையாட்டிட்டேன்.

செம்பு அப்பிடியே திரும்பிப் போச்சு. வெறும் தண்ணி.

ஆடி 27. வெயில், அப்புறம் மழை.

கொழுந்துக் கூடைய எறக்கி வச்சுட்டு வாந்தி. பக்கத்து நிரைக்காரி, "ராத்திரிப் பழய மீனா?" ஆமான்னேன். மீனு ஏது.

ஆவணி 4. பனி.

மிச்ச மருந்தத் திருப்பிக் குடுக்குறேன்னு உங்கம்மாகிட்ட சொல்லிட்டு ஹட்டன் பஸ். சீனாக் கெழவரு என்ன அடையாளம் தெரிஞ்சுக்கிட்டாரு. பொட்டலத்தப் பாக்கல, என் கையப் புடிச்சாரு. மூணு வெரல். ரொம்ப நேரம். அப்புறம் வெரல உருட்டிக் காட்டினாரு.

"தட்டுல முத்து உருளுது. இந்த நாடி புள்ளை நாடி." கண்ணு ரெண்டும் காணாமப் போற மாதிரி சிரிப்பு. "அவன் எங்க? அவன் வரல?"

"வேலையில இருக்காரு," ன்னேன்.

பொட்டலத்த என் கையிலயே திருப்பிக் குடுத்தாரு. "அவனுக்கு. ரெண்டாவது புள்ளைக்கு."

பஸ்ஸுல முக்காட்டப் போத்திக்கிட்டு வந்தேன்.

ஆவணி 5.

மருதாயிக்காகிட்ட சொன்னேன். நெஞ்சுல அடிச்சுக்கிட்டாங்க. "பாவி மகளே, அன்னிக்கே சொல்லியிருந்தா ஒரு பூ போட்டிருப்பேனே! இப்ப எந்தத் தண்ணியில போட?"

சாயங்காலத்துக்குள்ள உங்கம்மா காதுக்குப் போயிருச்சு. வாசல்ல நின்னு நாலு லயத்துக்கும் கேக்குற மாதிரி: "மூணு மாசமா எம்புள்ள இவள ஒதுக்கித் தனிப் பாயில கெடந்தான். இந்தக் கண்ணால பாத்தேன். அவன எடுக்கையில இல்லன்னு தலையாட்டினவளுக்கு இப்ப எங்கேர்ந்துடி வந்துச்சு?"

ஆனியில உன் தங்கச்சி பிரசவத்துக்குன்னு பொகவந்தலாவையில போயி பத்து நாள் இருந்தாங்களே உங்கம்மா. தொண்ணூறாவது கோடு போட்ட மறுநாள்தான் கெளம்பினாங்க. நீ பாய எடுத்துட்டு வந்து பக்கத்துல விரிச்சு, "கெழவன் தவணை முடிஞ்சு போச்சு புள்ள" ன்ன. அத எப்பிடி வாசல்ல நின்னு கத்துறது.

ஆவணி 7.

நாளைக்கு என் விசயமா கோயிலடியில ஊரு கூடுதாம். உன் அண்ணன் வந்திருக்காரு. மொகம் குடுத்துப் பேசல. புள்ள உன்னுதில்லன்னு முடிவானா என்ன காம்பராவ விட்டு அனுப்பிருவாங்க. பொறக்குறதுக்கு உன் பேரு கெடையாது.

மருதாயிக்கா: "ஏன்டி தனியாப் படுத்தீங்க, அதச் சொல்லு. காரணம் ஒண்ணு இருக்கும்ல."

இருக்கு. சொன்னா ஒத்துக்குவாங்க. கெழவரும் வந்து சொல்லுவாரு, கூப்புட்டா. அதுக்கப்புறம் உன் பேச்ச எடுத்தாலே ஆம்பளைங்க ஒருத்தன ஒருத்தன் பாத்துச் சிரிப்பானுங்க. காமன் கூத்துல உன் பேர வச்சுப் பாட்டுக் கட்டுவானுங்க.

ஆவணி 8. மழ இல்ல. ஞாயிறு, வேலைக்குப் பேர் குடுக்குற பெரட்டும் இல்ல.

காலையிலேயே குளிச்சேன். கொஞ்சம் கஞ்சி, நிக்கல.

பையில எடுத்து வச்சது: சட்டி. ஆறு பொட்டலம். இந்தக் கொப்பியும் வைக்கணும், தொண்ணூறு கோடு இதுலதான இருக்கு.

மருதாயிக்கா வாசல்ல. "வா தாயி, எல்லாரும் வந்துட்டாங்க."

பைய அவுக்கட்டுமா, கருப்பட்டி?