செல்வி, நீ எழுதிய 2004 வந்துவிட்டது

என் செல்விக்கு,

நீ போய் ஆறு வருஷம் ஆகிறது. உன் கதை நடக்கும் 2004 இப்போது எங்கள் காலண்டரில். எப்படி இருக்கிறதென்று உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல?

தீப்பெட்டி ஆபீசில் நாம் லேபிள் ஒட்டிய காலம். அச்சு பிசகிய லேபிள்களின் பின்பக்கம் அந்தக் கதையை எழுதி, சாப்பாட்டு நேரத்தில் எனக்கு வாசித்துக் காட்டினாய். கடலுக்கடியில் ஊர் அளவுக்கு ஒரு கம்ப்யூட்டர். அதற்குத் தெரியாதது எதுவுமில்லை. கோவில்பட்டியில் ஒரு கண்ணாடிக் கோபுரம். வரிசையில் நின்று, வருஷத்துக்கு ஆளுக்கொரு கேள்வி கேட்கலாம். அதுவே எல்லாம் சொல்லிவிடுவதால், மனுசர் ஒருவரோடொருவர் பேசுவதையே விட்டுவிடுவார்கள்.

“ஏட்டி, அம்புட்டுப் பெரிய மெஷினுக்குக் கரண்டு யாரு கொடுப்பா?” என்றேன்.

“கதைக்கு எதுக்குட்டி கரண்டு?” என்று சிரித்தாய்.

பத்திரிகைக்கு அனுப்பிய கதை ‘நம்பும்படி இல்லை’ என்று திரும்பி வந்தது. அன்றைக்கு நீ சாப்பிடவில்லை. மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோகும்வரை வேறெதுவும் எழுதவுமில்லை. எழுதச் சொல்லி நான் இன்னும் கொஞ்சம் வற்புறுத்தியிருக்கலாமோ?

கோபுரமெல்லாம் வரவில்லை, செல்வி. பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஜெராக்ஸ் கடை மாடியில் நாலு கம்ப்யூட்டர், நடுவே பலகைத் தடுப்பு. பிரௌசிங் சென்டர் என்கிறார்கள். எத்தனை கேள்வி வேண்டுமானாலும் கேட்கலாம். நீ நினைத்தே பார்க்காதது ஒன்று உண்டு: அதில் பேசுவது கம்ப்யூட்டர் இல்லை, நம்மை மாதிரி ஆட்கள்தான். குழம்பு வைப்பதைக்கூட எழுதுகிறார்கள். சண்டையும் போடுகிறார்கள்.

நான் இப்போது டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் வேலை பார்க்கிறேன். உன் அம்மா பெட்டியில் வைத்திருந்த லேபிள்களை வாங்கிவந்து, போன மாதம் ஓர் எழுத்து விடாமல் அடித்து, உன் பெயரோடு ஒரு வலைப்பூவில் போட்டேன். நாலாம் நாள் கனடாவிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார்: ‘என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். யார் இவர்?’

இடைசெவலில் உன் வீட்டுக்குப் போய் உன் அம்மாவை பஸ்ஸில் பிரௌசிங் சென்டருக்குக் கூட்டிவந்து, அதை வாசித்தேன்.

“அவியளுக்கு நம்ம செல்விய எப்பிடித் தெரியும்?”

“இப்பத்தான் தெரியும் பெரியம்மா.”

பெரியம்மா நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

“எம் மக யாருன்னுதான கேக்காவ? நான் சொல்லுதேன். நீ அடி.”

சொல்லச் சொல்ல அடித்தேன். ஒரு மணி நேரம் சொன்னார்.

அந்த 2004 கதைக்கு முன்னால் நீ எழுதிய இரண்டு கதைகள் இன்னும் பெட்டியில் இருக்கின்றன. தீபாவளிக்குள் அவற்றையும் ஏற்றிவிடுவேன். கதைக்கு நீ எழுதிய முடிவு எனக்குப் பிடிக்காவிட்டாலும் மாற்ற மாட்டேன்.

உன் அம்மாவுக்கு மகளாகிவிட்ட,
உன் பாக்கியம்